சலோமி அக்காவின் ‘சொன்னியா?’

செவ்வாய்க்கிழமை காலை டீக்கு பெல் அடித்தபோது என் கையில் ஓர் ஆட்டுத்தோல் இருந்தது. அதை வெளிச்சத்துக்குத் திருப்பிக் கீறல் பார்த்துக்கொண்டிருந்தேன். மேஜைமேல் இருந்த போன் அதிர்ந்தது. எங்கள் தோல் தொழிற்சாலையின் வாட்ஸப் குழுவில் ஒரே வரி: ‘டாகிள் சலோமி அக்கா காலையில் தவறிட்டாங்க.’ வேறு எந்தச் சலோமியாவது இருக்கும் என்று நினைத்தேன். டாகிள் செக்‌ஷனில் ஒரே ஒரு சலோமிதான் உண்டு என்று எனக்குத் தெரியாதா என்ன? யாரையாவது கூப்பிட்டுக் கேட்கலாம் என்று போனை எடுப்பதற்குள் கைகூப்பும் படங்கள் வரிசையாக வந்து விழ ஆரம்பித்துவிட்டன. கையிலிருந்த தோலை எந்தக் குவியலில் போட்டேன் என்று இன்னும் எனக்குத் தெரியாது.

மத்தியானத்துக்குள் அவர் தெருமுனையில் போஸ்டர் ஒட்டியாயிற்று. ‘சாந்தமே உருவானவர்’ என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தார்கள். படித்ததும் எனக்குக் கடுப்புதான் வந்தது. சலோமி அக்காவா சாந்தம்? தோல் பதனிடும் டிரம் எல்லாம் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஷெட்டின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குக் கேட்கும் குரல் அது. மேனேஜரே டாகிள் பக்கம் வருவதென்றால் ஒருமுறை தொண்டையைச் செருமிக்கொண்டுதான் வருவார். போட்டோவும் அவருடையது போல இல்லை. நெற்றிச் சுருக்கத்தை எல்லாம் துடைத்து, முகத்தை வெளுப்பாக்கி, யாரோ ஒரு நல்ல அம்மாளாக ஆக்கி வைத்திருந்தார்கள்.

அக்காவின் நினைவு மலருக்கு நாலு வரி வேண்டும், நீதான் அங்கங்கே பத்திரிகையில் எழுதுகிறவனாயிற்றே என்று என்னிடம் வந்தீர்கள். நாலு வரியில் முடியாது, மன்னித்துக்கொள்ளுங்கள். உங்களில் பல பேர் ஒரு விஷயத்தை என்னிடம் கேட்டிருக்கிறீர்கள். ஐந்து வருஷமாக அக்கா என்னை எங்கே பார்த்தாலும், கேட்டில், கேண்டீனில், தண்ணீர்க் குழாயடியில், சாப்டியா கீப்டியா என்று எதுவும் இல்லாமல் ஒரே ஒரு வார்த்தை கேட்பார்: “சொன்னியா?” நான் இல்லை என்று தலையை ஆட்டுவேன். அவர் உதட்டைப் பிதுக்கிவிட்டுப் போவார். என்னப்பா அது என்று கேட்ட உங்களிடம் லீவு விஷயம் என்றேன், யூனியன் விஷயம் என்றேன். எல்லாம் பொய். அது என்ன விஷயம் என்று இப்போது எழுதுகிறேன்.

என் மகள் யாழினிக்கு அப்போது நாலு வயது. மார்கழிக் காலை. பச்சை பக்கெட்டில் ஹீட்டர் ராடு போட்டுத் தண்ணீர் தளதளவென்று கொதித்திருந்தது. ராடை எடுத்துவிட்டு, பக்கெட்டைத் தூக்கி நடையில், குளியலறை வாசலில் வைத்தேன். உள்ளே போன் அடித்தது. கன்டெய்னர் கிளம்ப வேண்டிய நாள், சரக்கு விஷயமாகக் கூப்பிட்டார்கள். ஒரு நிமிஷம்தானே என்று போனேன். பேசிக்கொண்டிருக்கும்போதே அலறல் கேட்டது. நடையில் ஓடி வந்த பிள்ளை தடுக்கி விழுந்து, வலது கை தோள்வரைக்கும் பக்கெட்டுக்குள் போயிருந்தது. அடுப்படியிலிருந்து ஓடிவந்து தூக்கியவள் என் மனைவி சுமதி. பக்கத்து வீட்டம்மாள் பல் விளக்கும் பேஸ்டை எடுத்துக்கொண்டு தடவ வந்தார். சுமதி அவரைத் தள்ளிவிட்டு, பிள்ளையின் கையைக் குழாய்த் தண்ணீரில் பிடித்தபடி உட்கார்ந்துவிட்டாள். நான் போனைக் காதில் வைத்தபடியே நின்றுகொண்டிருந்தேன். அந்தப் பக்கம் இன்னும் சரக்கு விவரம் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

வேலூர் ஆஸ்பத்திரிக்கு அணைக்கட்டிலிருந்து என் அம்மா வந்தார். வராந்தாவில் கால் வைத்ததும் கேட்ட முதல் கேள்வி, “சுடுதண்ணிய கொண்டாந்து அங்க வெச்சது யாரு?” என்பதுதான். நான் வாயைத் திறந்தேன். சுமதி என் முகத்தை ஒரு தடவை பார்த்தாள். பிறகு அம்மாவிடம் திரும்பி, “நான்தான் அத்த” என்றாள். அவ்வளவுதான் நடந்தது. மறுத்துச் சொல்ல எனக்கு அரை நிமிஷம் இருந்தது. அந்த அரை நிமிஷத்தில் என் அம்மா தலையிலடித்துக்கொண்டு அழ ஆரம்பித்துவிட்டார், நான் வாயை மூடிக்கொண்டேன்.

அதற்கப்புறம் வந்தவர்கள் எத்தனை பேர்! ஆப்பிளும் பன்னுமாக வருவார்கள், உட்கார்வதற்குள் அதே கேள்வியைக் கேட்பார்கள். சுமதி ஒவ்வொருவரிடமும் ‘நான்தான்’ என்று சொன்னாள். கேட்டுவிட்டு அவளுக்கே அறிவுரை சொல்வார்கள். ஒருத்தர் என் தோளைத் தட்டி, பொம்பளப் புள்ளையாச்சே, நல்லவேளை முகத்தில் படவில்லை, முழுக்கை போட்டால் மறைந்துவிடும் என்று ஆறுதல் சொன்னார். நாலு வயசுப் பிள்ளை உள்ளே கட்டுப் பிரிக்கும்போது கத்துகிறது, இவருக்கு அவள் கல்யாணக் கவலை. எழுந்து அறையலாம் போல இருந்தது. காபி வாங்கிக் கொடுத்து அனுப்பினேன்.

தொடையிலிருந்து தோல் எடுத்துக் கையில் வைத்தார்கள். பல நாள் கழித்துக் கட்டு இல்லாமல் அந்தக் கையை முதன்முதலாகப் பார்த்தபோது நான் செய்த காரியத்தை எங்கள் ஊர்க்காரனைத் தவிர வேறெவனும் செய்திருக்கமாட்டான். நாளெல்லாம் தோல் பார்த்துத் தரம் பிரிக்கிறவன் நான். என் கட்டைவிரல் அதன் பாட்டுக்குப் போய் அவள் முழங்கைக்கு மேலே ஒரு தடவு தடவியது. வாய் அதன் பாட்டுக்கு, “கிரெய்ன் போச்சு” என்றது. தோலின் மேல்பரப்பில் இருக்கும் நுண்ணிய வரிகளுக்கு எங்கள் பேச்சில் கிரெய்ன் என்று பெயர். அது போனால் அந்தத் தோல் கழிக்கும் குவியலுக்குப் போகும். சுமதியும் ஷூ கம்பெனியில் தைத்தவள்தான், அவளுக்கு அர்த்தம் தெரியும். வீட்டுக்கு வந்தும் பத்து நாள் என்னோடு பேசவில்லை.

வீட்டுக்கு அனுப்பும்போது ஆஸ்பத்திரியில் தெளிவாகத்தான் சொன்னார்கள். தினமும் எண்ணெய் தடவி நீவ வேண்டும், முழங்கையையும் தோளையும் இழுத்து நீட்ட வேண்டும், அழுதாலும் விடக்கூடாது, விட்டால் தழும்பு இறுகிக் கை மடங்கியபடியே நின்றுவிடும். தலையாட்டிவிட்டு வந்தோம். பிறகு நடந்ததை வெளியே சொல்ல வெட்கமாக இருக்கிறது. எண்ணெய்க் கிண்ணத்தைப் பார்த்ததுமே யாழினி கட்டிலுக்கு அடியில் போய்விடுவாள். சுமதி அவளை இழுத்து மடியில் போட்டுக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு கையை நீட்டுவாள். ‘அம்மா வேணாம்மா, அம்மா வேணாம்மா’ என்று தெருவே கேட்கக் கத்துவாள். அந்த நேரம் பார்த்து எனக்குப் பால் வாங்கப் போகவேண்டியிருக்கும். எல்லாம் முடிந்தபின் க்ரீம் பிஸ்கட்டோடு வருவேன். பிள்ளை ஓடிவந்து என் காலைக் கட்டிக்கொள்ளும். வலிக்க வைக்கிறவள் அம்மா, பிஸ்கட் தருகிறவன் அப்பா. நல்ல ஏற்பாடு! சில நாள் சுமதியும் முடியாமல் விட்டுவிடுவாள். பாவம், நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று நானே சொல்லியிருக்கிறேன். செக்கப்புக்குப் போனால் தினமும் செய்கிறோம் என்று இரண்டு பேரும் ஒரே குரலில் சொல்வோம். கை மெள்ள மெள்ள மடங்கிக்கொண்டு வந்தது.

இந்த நேரத்தில்தான் சலோமி அக்கா என் எதிரே டிபன் பாக்ஸோடு வந்து உட்கார்ந்தார். அதுவரைக்கும் அவரோடு எனக்குப் பெரிய பழக்கம் இல்லை. பிள்ளைக்குக் கை நீட்ட வருகிறதா என்று கேட்டார். முழுசாக இல்லை, பிள்ளை அழுகிறது என்றேன். அவர் வேலையைப் பற்றி வெளியாட்களுக்காக ஒரு வார்த்தை சொல்லவேண்டும். ஈரத்தோலைத் துளை போட்ட இரும்புப் பலகையில் விரித்து, நாலா பக்கமும் இழுத்து கிளிப் மாட்டிக் காயவைப்பதுதான் டாகிள். அக்கா சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னார்:

“தோலு காயும்போது சுருங்கும் தம்பி. சுருங்கறதுக்கு முன்னாடி இழுத்து மாட்டணும். அப்புறம் நீ அழுதாலும் வராது.”

எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு ஆத்திரம் வந்ததோ தெரியாது. எம்பொண்ணு இன்னா ஆட்டுத்தோலா என்று கத்தினேன். கேண்டீன் முழுக்கத் திரும்பிப் பார்த்தது, உங்களில் பாதிப்பேர் அங்கே இருந்தீர்கள். அக்கா கையைக் கழுவிவிட்டு வந்து நிதானமாகச் சொன்னார். “தோலுதான்டா. உன்னுது, என்னுது, மொதலாளியுது, எல்லாம் தோலுதான்.” நான் அவரோடு பேசுவதை விட்டேன். இரண்டு மாதம் அந்தப் பக்கமே போகவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, சர்ச்சுக்குக் கட்டிய வெள்ளைப் புடவையோடு, அழைக்காமலே வீட்டுக்கு வந்து நின்றார். உள்ளே சுமதி பிள்ளையோடு போராடிக்கொண்டிருந்தாள். நான் வழக்கம்போலச் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தேன். அக்கா வாசலிலேயே என் சட்டையைப் பிடித்து நிறுத்திவிட்டு உள்ளே எட்டிப் பார்த்தார். “இன்னாடா இது, ஒருத்தியே இழுக்கறா? தனியா இழுத்தா கோணிக்கும். டாகிள்ல என்னைக்காவது ஒத்த ஆள் வேலை பண்ணி பாத்துக்கிறியா?” என்றார். அது உண்மை. எங்கள் ஷெட்டில் அந்த வேலையை எதிரும் புதிருமாக இரண்டு பேர் நின்றுதான் செய்வார்கள். ஒருத்தர் பிடித்துக்கொண்டால்தான் இன்னொருத்தர் இழுக்க முடியும். செருப்பைக் கழற்ற வைத்தார். யாழினியின் தோளை நான் பிடித்துக்கொள்ள வேண்டும், சுமதி இழுக்க வேண்டும் என்று எங்களை எதிரெதிரே உட்காரவைத்தார்.

பிறகு பிள்ளையிடம் போய், இன்றைக்கு எத்தனை எண்ணிக்கை என்று நீயே சொல்லு என்றார். யாழினி ரொம்ப நேரம் யோசித்துவிட்டு, ‘மூணு’ என்றாள். மூன்று எண்ணினோம், விட்டோம். அதிசயித்துப்போய் எங்களையே பார்த்தாள். மறுநாள் நாலு. அடுத்த வாரம் ஆறு. அந்தக் கணக்கில் அக்கா படு கறார். ஒருநாள் நான் சாமர்த்தியமாக ‘அஞ்சு, அஞ்சரை, அஞ்சேமுக்கால்’ என்று இழுத்தேன். பக்கத்திலிருந்த எண்ணெய்க் கரண்டியால் என் புறங்கையில் ஒன்று போட்டார். புள்ளை உன்னை நம்பித்தானே கையைக் குடுக்குது, அதுகிட்டயே டகால்டி வேலையா என்று திட்டினார். யாழினி அழுகைக்கு நடுவே சிரித்தாள். விபத்துக்குப் பிறகு அவள் சிரித்து அன்றைக்குத்தான் கேட்டேன்.

ஒரு வருஷம், ஞாயிறு தவறாமல் வந்தார். அவர் சாவு வீட்டில் ஒரு அம்மாள் பக்கத்திலிருந்தவரிடம், சலோமிக்கும் ஒரு குழந்தை நெருப்பில் போய்விட்டதாம், அதனால்தான் இந்தப் பிள்ளைக்கு அவ்வளவு செய்தாளாம் என்று சொல்லிக்கொண்டிருந்தார். அப்படி எந்தக் கதையும் கிடையாது. அவருடைய இரண்டு பையன்களும் நன்றாக இருக்கிறார்கள், அங்கேயேதான் நாற்காலி போட்டுக்கொண்டிருந்தார்கள். ஒருவர் நல்லது செய்தால் அதற்கு ஒரு துயரக் கதையைக் கட்டிவிடாமல் நமக்குத் தூக்கம் வராது போலிருக்கிறது. ஈரத்தோல் காயும்போது என்ன செய்யும் என்று அவருக்குத் தெரியும். தெரிந்ததைச் சொல்லாமல் சும்மா இருக்க அவரால் முடியாது. காரணம் அவ்வளவுதான்.

அப்படி வந்த ஒரு ஞாயிற்றுக்கிழமைதான், எண்ணிக்கைக்கு நடுவே யாழினி அக்காவிடம் கதை சொன்னாள். அம்மா வெச்ச சுடுதண்ணிதான் என் கையைச் சுட்டுது, ஆயா சொன்னாங்க என்றாள். ஆயா என்றால் என் அம்மா. சுமதி கையை விடாமல் அடுத்த எண்ணைச் சொன்னாள். என் பிடி தளர்ந்ததை அக்கா பார்த்துவிட்டார் போல. ஷேர் ஆட்டோ ஏற்றிவிட நான் கூட நடந்தபோது, இன்னா விஷயம் என்று ஒரே கேள்விதான் கேட்டார். அவரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். பக்கெட்டை வைத்தது நான். சுமதி ஏற்றுக்கொண்டது பொய். என் அம்மா ஒவ்வொரு பண்டிகைக்கும் வந்து அவளைக் குத்திக்காட்டுவதும், நான் இலையைப் பார்த்தபடி சாப்பிடுவதும்.

திட்டுவார் என்று நினைத்தேன். ஆட்டோ வந்து நின்றும் ஏறாமல் சொன்னார். “எனக்கு எதுக்குடா சொல்ற? நானா சுமக்கறேன்? உங்கம்மாகிட்ட சொல்லு. புள்ளைகிட்ட சொல்லு. பழியும் அவ சுமக்கணும், இழுக்கறதும் அவளே இழுக்கணும், நீ தோளு மட்டும் புடிச்சுக்கினு நிப்பியா?” சொல்கிறேன் அக்கா என்றேன். அடுத்த நாள் காலையில் கேட்டில் கேட்டார்: “சொன்னியா?”

அன்றிலிருந்து ஆரம்பித்த கேள்விதான் அது. நானும் எத்தனை சாக்கு சொன்னேன்! அம்மாவுக்கு பிரஷர் என்றேன். பிள்ளைக்குப் பரீட்சை என்றேன். வளர்கிற பிள்ளையோடு தழும்பு வளராது, போன கோடையில் கை மறுபடி இழுத்துக்கொண்டு இன்னொரு சின்ன ஆபரேஷன் செய்ய வேண்டியிருந்தது, அது முடியட்டும் என்றேன். அவர் எதையும் மறுத்துப் பேசவில்லை. மறுநாள் மறுபடி அதையே கேட்பார். எனக்கு அவரைப் பார்த்தாலே பேஜாராகி, சில நாள் பின் கேட் வழியாகப் போயிருக்கிறேன்.

கடைசியாக அவரைப் பார்த்தது சனிக்கிழமை, ஷிப்ட் முடிந்து. கேட்டார். நான் பொறுமையிழந்து, “அத வுடுக்கா. அஞ்சு வருஷம் ஆச்சு. இப்ப சொல்லி இன்னா ஆவப்போவுது?” என்றேன். எப்போதும் பிதுக்கும் உதட்டைக்கூட அன்றைக்குப் பிதுக்கவில்லை. டிபன் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு போய்விட்டார். செவ்வாய்க்கிழமை அவர் இல்லை. எனக்கு வருத்தத்தைவிடக் கோபம்தான் ஜாஸ்தி. ஐந்து வருஷமாக விடாமல் கேட்டவர், நான் பதில் சொல்லும் வரைக்கும் இருந்திருக்கக்கூடாதா? பெட்டிக்குள் அவர் வாய் மூடியிருந்தது. அந்த வாய் மூடி நான் பார்த்ததே இல்லை.

அடக்கம் முடிந்தபின் வந்த ஞாயிற்றுக்கிழமை அணைக்கட்டுக்குப் போய் அம்மாவிடம் சொன்னேன். பக்கெட்டை வைத்தது நான்தான், சுமதி இல்லை என்றேன். அம்மா கையிலிருந்த கொத்து முருங்கைக்கீரையை ஆய்ந்து முடித்தார். பிறகு, “நீ வெச்சா இன்னா? ஊட்ல இருக்கற பொம்பள அவதான பாத்திருக்கணும்?” என்றார். ஐந்து வருஷம் நான் பயந்துகொண்டிருந்தது இந்தப் பதிலுக்குத்தானா என்று தோன்றியது. அவரோடு அன்றைக்குச் சண்டை போட்டேன். வீட்டுக்கென்று அவர் கொடுத்த கீரைக்கட்டை வாங்காமல் பஸ் ஏறினேன்.

பிறகுதான் இதை எழுத உட்கார்ந்தேன். பெட்டி விஷயம் வரைக்கும் எழுதிவிட்டுச் சுமதியிடம் படிக்கக் கொடுத்தேன். அடுப்பை அணைத்துவிட்டு நின்றபடியே முழுசாகப் படித்தாள். “பக்கெட்டு பச்ச இல்ல. நீலம்” என்றாள். மேலே அதைத் திருத்தாமல் அப்படியே விட்டிருக்கிறேன். வைத்த எனக்கு நிறம் ஞாபகம் இல்லை, வைக்காதவளுக்கு இருக்கிறது என்பது தெரியட்டும். இத்தனை வருஷம் கேட்காத ஒன்றை அப்போது கேட்டேன்: ஏன் அன்றைக்கு நான்தான் என்று சொன்னாய்? காகிதத்தை மடித்துக்கொண்டே சொன்னாள்:

“உங்க மூஞ்சி பாக்க சகிக்கல. ரெண்டு நாள்ல நீங்களே சொல்லிடுவீங்கன்னு நெனச்சேன்.”

யாழினிக்கு இப்போது பத்து வயது. அன்று சாயங்காலம் எண்ணெய்க் கிண்ணம் வருவதற்கு முன் அவளிடம் சொன்னேன். படித்துக் காட்டவில்லை, வாயால் சொன்னேன். போன் வந்தது, நான் போனது, அம்மா வைக்கவில்லை என்பது, நான் சொல்லாமல் இருந்தது. அழவில்லை அவள். அம்மாவை ஒரு தடவை பார்த்தாள். என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு எண்ணெய்க் கிண்ணத்தை அவளே போய் எடுத்து வந்தாள்.

அக்காவிடமிருந்து எனக்கென்று நான் வைத்துக்கொள்வது அவருடைய ஒற்றை வார்த்தையைத்தான். சாந்தம், அன்பு, அரவணைப்பு எல்லாம் போஸ்டரோடு இருக்கட்டும். கேட்டைத் தாண்டும்போது இன்னும் அந்தக் குரல் கேட்கிறது. இப்போது தலையாட்டுவதற்கு என்னிடம் வேறு பதில் இருக்கிறது, பார்க்கத்தான் ஆள் இல்லை.

எண்ணெய் தடவி முடித்ததும் வழக்கம்போலத் தோளைப் பிடிக்க என் இடத்தில் போய் உட்கார்ந்தேன். யாழினி தலையை ஆட்டினாள். “இன்னைக்கி நீ இழுப்பா. அம்மா புடிச்சுக்கட்டும்” என்றாள். இடம் மாறி உட்கார்ந்தோம். எத்தனை என்று கேட்டேன். இருபதைத் தாண்டி அவள் எப்போதும் சொன்னதில்லை. “முப்பது” என்றாள். சுமதி தோளைப் பிடித்துக்கொண்டாள். நான் இழுத்தேன். பதினேழில் கண்ணை இறுக மூடிக்கொண்டாள், போதும் என்று சொல்லவில்லை. நான் வேகமாகவும் எண்ணவில்லை, மெதுவாகவும் எண்ணவில்லை. முப்பது வரைக்கும் சரியாக எண்ணினேன்.